சிம்மில் வைத்த சிப்

மன்னார்குடிப் பக்கம் என் சித்தப்பா ஒரு கடை வைத்திருக்கிறார். போர்டில் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் வேலைகள் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆனால் அவருக்குச் சோறு போடுவது கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான். கோரல்டிராவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையார் படத்தை ஒரு நூல் மேலே ஏற்றுவதா இறக்குவதா என்று மாமன் மச்சான்கள் மல்லுக்கட்டுவதை மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதல்லவா, அந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாக மன்னார்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா போன் செய்தார்.

“தம்பி, நம்ம பழைய சிபியு இனிமே ஆகாதுங்கிறானுவ. கரண்டு கம்மியா இழுக்கிறதா ஒண்ணு பாருடா. கரண்டு போனா யூபிஎஸ் பத்து நிமிஷம் நிக்க மாட்டேங்குது. பாதிப் பத்திரிகைல பொசுக்குனு அணைஞ்சிருது.”

“லேப்டாப் வாங்கிக்கங்களேன் சித்தப்பா. பேட்டரி அதுலயே இருக்கும்.”

“கடைல வச்சுட்டு டீ குடிக்கப் போனா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். பொட்டியா பாரு.”

மறுநாள் ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. பெரிய அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களைத் துடைத்து, புதிதாக எஸ்எஸ்டி போட்டு விற்கும் கடை ஒன்றில் ஏறினேன். பையன் இரண்டு பெட்டிகளை முன்னால் வைத்தான். ஒன்று முழங்கால் உயரக் கேபினட். இன்னொன்று ஸ்வீட் பாக்ஸ் அளவுகூட வராது.

“சார், இது ஐ5-8500. இது ஐ5-8500டி. டி சீரிஸ்னா முப்பத்தஞ்சு வாட்தான். அது அறுபத்தஞ்சு. பாதிக்குப் பாதி கரண்ட் மிச்சம்.”

அவன் சொன்ன இரண்டு எண்களும் சரி. அதிலிருந்து அவன் போட்ட கணக்குதான் தப்பு. அவனைக் குறைசொல்லவும் முடியாது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த பலரும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் போட்டேன்.

அடுப்பு ஒன்று, குமிழ் வேறு

ஐ5-8500, ஐ5-8500டி இரண்டும் 2018 ஏப்ரலில் இன்டெல் வெளியிட்டவை. இரண்டிலும் ஆறு கோர். இரண்டிலும் 9 எம்பி கேஷ். வடிவமைப்பும் ஒன்றே, செய்முறையும் ஒன்றே. வித்தியாசம் வேகத்தில். சாதாரண 8500-இன் அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ், எட்டிப்பிடிக்கும் உச்சம் 4.1. டி என்று வால் முளைத்ததற்கு அடிப்படை 2.1, உச்சம் 3.5.

நம் வீட்டு கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பர்னர், ஒரே சிலிண்டர். ஒரு அடுப்பில் குமிழை முழுதாகத் திருப்பலாம். இன்னொன்றில் குமிழ் பாதிக்கு மேல் திரும்பாதபடி கம்பெனிக்காரனே ஒரு ஆணியை அடித்து அனுப்பியிருக்கிறான். டி சீரிஸ் என்பது அந்த ஆணிதான். சிம்முக்கு மேல் கொஞ்சம் போகும். முழுத் தீக்குப் போகாது.

அடுப்பே பற்றவைக்காமல் கிடக்கும்போது அந்த ஆணியால் என்ன மிச்சம்? இந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

சித்தப்பா பத்திரிகை டைப் செய்கிறார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே பிராசஸருக்கு அது ஒரு யுகம். அந்த நேரமெல்லாம் அது தூங்குகிறது. 2008-இல் வந்த நெஹலெம் தலைமுறையிலேயே, வேலையில்லாத கோருக்குப் போகும் மின்சாரத்தை ஏறக்குறைய அடியோடு துண்டிக்கும் ஏற்பாட்டை இன்டெல் செய்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவை இன்னும் ஆழ்ந்து தூங்கக் கற்றுக்கொண்டன. தூங்குகிற 65 வாட் சிப்பும் தூங்குகிற 35 வாட் சிப்பும் மீட்டருக்கு முன்னால் இரட்டைப் பிள்ளைகள்.

என் வீட்டில் 8500 போட்ட கேபினட் ஒன்று இருக்கிறது. பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகுகிற வாட் மீட்டரும் உண்டு. டெஸ்க்டாப்பில் எதையும் திறக்காமல் விட்டால் இருபத்தைந்து வாட் சுமாருக்கு நிற்கும். பயாஸுக்குள் போய் அதன் மின் உச்சவரம்பை 35 வாட் என்று கட்டிப்போட்டேன். மறுபடி பார்த்தேன். அதே இருபத்தைந்து. வீடியோ ஒன்றை மாற்றக் கொடுத்தபோதுதான் கட்டு தெரிந்தது. முன்பு போல ஏறாமல் மீட்டர் பாதி வழியில் நின்றது, வேலை முடிய நேரம் கூடியது.

35 என்பது யாருக்கான எண்?

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 35, 65 எல்லாம் கரண்டு பில் கட்டுகிறவருக்காக எழுதியவை அல்ல. ஃபேன் செய்கிறவருக்காக எழுதியவை. இந்தச் சிப் அடிப்படை வேகத்தில் தொடர்ந்து பாடுபட்டால் இவ்வளவு சூடு வெளியேற்ற வேண்டியிருக்கும், அதற்கேற்ற கூலரைப் போடு என்று பொறியாளர் பொறியாளருக்கு எழுதிய சீட்டு. டிடிபி என்று அதற்குப் பெயர். பெட்டிக்குள் இருந்த சீட்டு கடைப் பலகைக்கு வந்ததும் மைலேஜ் கணக்கு போல ஆகிவிட்டது.

போதாக்குறைக்கு, அந்த எண்ணும் உச்சவரம்பு கிடையாது. பிராசஸருக்கு இரண்டு வரம்புகள். நீண்ட ஓட்டத்துக்கு ஒன்று, குறுகிய பாய்ச்சலுக்கு ஒன்று. பாய்ச்சல் வரம்பில் சில விநாடிகள், பொதுவாக அரை நிமிடத்துக்குள், ஓடிவிட்டுப் பிறகு அடங்கும். இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து இரண்டையும் வெளிப்படையாகவே போடுகிறார்கள். ஐ5-12400-க்கு 65 வாட், பாய்ச்சலில் 117. அதன் டி வடிவத்துக்கு 35, பாய்ச்சலில் 74. ஐ9-13900டி இன்னும் வேடிக்கை. பெயருக்கு 35 வாட், பாய்ச்சலில் 106. சிக்கனச் சிப் என்று வாங்கியது நூறு வாட்டைத் தாண்டுகிறது. ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். 65 வாட் என்று போட்ட ரைஸன் சாக்கெட்டில் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு.

இதில் மொழி செய்த குளறுபடி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் பெட்டி மொத்தத்தையும் சிபியு என்றுதான் சொல்வார்கள். “சிபியு முப்பத்தஞ்சு வாட்” என்று கடைக்காரர் சொல்லும்போது, மதர்போர்டு, ராம், ஃபேன், எஸ்எம்பிஎஸ் உட்பட அவ்வளவும் முப்பத்தைந்துக்குள் அடங்கிவிட்டதாகக் கேட்பவருக்குப் படுகிறது. சொல்லப்பட்டதோ தபால்தலை அளவுச் சில்லு ஒன்றைப் பற்றி.

பத்து கிகாஹெர்ட்ஸ் என்ற கனவு

குறைந்த மின்சாரம் என்பது டெஸ்க்டாப்பில் ஒரு பேச்சாக மாறியதற்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் ஒரு கட்டுரையில் காட்டினார்கள்: டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அதற்கான மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் சூடு மாறாது. சூடு கூடாமலே வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். முப்பது வருடம் தொழில் இந்தச் சலுகையில்தான் ஓடியது. 2000-க்குப் பிறகு மின்னழுத்தத்தை அதற்கு மேல் இறக்க முடியாமல் போனது. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மூடிய குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி.

அதைப் பார்க்காமல் இன்டெல் பென்டியம் 4-ஐ விரட்டிக்கொண்டே போனது. பத்து கிகாஹெர்ட்ஸ் பற்றிப் பேச்செல்லாம் நடந்தது. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட், அதன் வேகமான வடிவங்களில் 115 வாட் வரை போனது. அந்தக் காலத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ஹீட்டர் ஓடுவது போலிருக்கும். அதே 2004 மே மாதம், பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவேண்டிய டேஜாஸ் சிப்பை இன்டெல் கைவிட்டது. வழி காட்டியது லேப்டாப். இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த குழு, பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலையோடு உருவாக்கிய பென்டியம் எம்-இன் வழிவந்ததுதான் 2006 ஜூலையில் வெளியான கோர் 2 டூவோ. 65 வாட்டில் அது பென்டியம் 4-ஐ ஓரங்கட்டியது. இன்று நாம் சாதாரணம் என்று சொல்கிற 65 வாட் சிப் அன்றைக்குச் சிக்கனச் சிப்பாக வந்தது.

டி எழுத்து வந்தது 2011 சாண்டி பிரிட்ஜில். ஐ5-2500 என்றால் 95 வாட், 2500எஸ் 65, 2500டி 45. எஸ் நாளடைவில் மறைந்துபோனது. டி 35-க்கு இறங்கி நிலைத்துவிட்டது.

பழைய மார்க்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் சில தலைமுறைகளில் எண் ஒன்றாக இருந்தாலும் சில டி வடிவங்களுக்குக் கோரே குறைவு. ஐ5-3470 நான்கு கோர். ஐ5-3470டி இரண்டே கோர். ஐ5-4570-க்கும் 4570டி-க்கும் அதே கதை. இது வெறும் ஆணி அல்ல, நான்கு பர்னர் அடுப்பென்று சொல்லி இரண்டு பர்னரைத் தலையில் கட்டுவது. எட்டாம் தலைமுறை ஐ5-இல் இந்த வில்லங்கம் இல்லை. எப்படியும் அதற்குக் கீழே வாங்குவதில் அர்த்தமும் இல்லை. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பது, ஒன்றிரண்டு விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ரிச்சி தெருவில் ஐ5-7500டி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்கள் அது ஏன் சல்லிசு என்றும் யோசித்துக்கொள்ளவும்.

மெதுவாகச் செய்தால் மிச்சமா?

சும்மா இருக்கும்போது ஒன்றுதான், சரி. வேலை செய்யும்போதாவது டி மிச்சப்படுத்துகிறதா? படுத்துகிறது. நினைக்கிற அளவுக்கு இல்லை.

பிராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு வர்க்கமாகவும் கூடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். ஆக வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இருபது சதவீதம் இறக்கினால், 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.51 வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் மின்சாரம் பாதியாகிவிடுகிறது! தலைகீழாகப் பார்த்தால் கடைசிப் பத்து சதவீத வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்சாரம். நிஜச் சிப்பில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, போக்கு இதுதான். டி சீரிஸின் நியாயம் முழுவதும் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

இதன் மேல் இன்னொரு கணக்கு. ஒரு வீடியோவை மாற்றச் சாதாரணச் சிப்புக்குப் பத்து நிமிடம், 65 வாட் என்று வைத்துக்கொள்வோம். டி-க்குப் பதினான்கு நிமிடம், 35 வாட். சிப் மட்டும் என்றால் 650-க்கு 490, நல்ல மிச்சம். ஆனால் சிப் தனியாக வேலை செய்வதில்லையே. போர்டு, ராம், டிஸ்க், மானிட்டர் எல்லாம் சேர்ந்து 30 வாட் இழுப்பதாகக் கொண்டால், அவை அந்தக் கூடுதல் நான்கு நிமிடமும் விழித்திருக்க வேண்டும். இப்போது 950-க்கு 910. மிச்சம் சுருங்கி நான்கு சதவீதத்துக்கு வந்துவிட்டது. வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுச் சட்டென்று தூங்கப் போவதே சிக்கனம் என்று சிப் வடிவமைப்பவர்களில் ஒரு சாரார் சொல்வது இதைத்தான்.

ரூபாயில் பார்த்துவிடலாம். அலுவலகக் கம்ப்யூட்டர் நாளைக்கு ஒன்பது மணி நேரம், வருடத்துக்கு 300 நாள், மொத்தம் 2,700 மணி நேரம். இரண்டு சிப்புக்கும் சராசரி வித்தியாசம் 5 வாட் என்று தாராளமாகவே கொடுக்கிறேன். 13.5 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் வருடத்துக்கு 135 ரூபாய். நல்ல ஹோட்டலில் ஒரு சாப்பாட்டுக்குக் காணாது.

வித்தியாசம் உண்மையிலேயே வலிக்கிற இடம் ஒன்று உண்டு. ராத்திரி பகல் பாராமல் முழு மூச்சில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர். 30 வாட் வித்தியாசம் 8,760 மணி நேரத்துக்கு 263 யூனிட். ஆனால் அப்படி உழைக்க வைக்கிறவருக்கு வேகம்தானே காசு? அவர் ஏன் டி வாங்கப் போகிறார்? வீட்டில் படங்களைச் சேமித்துவைக்கவும், சிசிடிவி பதிவு செய்யவும் நாள் முழுக்க ஓடும் பெட்டிக்கோ டி கூடத் தேவையில்லை. 2023-இல் வந்த இன்டெல் என்100 போன்ற 6 வாட் சிப்பே போதும்.

அப்படியானால் டி எதற்கு?

பெட்டிக்கு.

கடைக்காரப் பையனிடம் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் கழன்றுவந்தது. உள்ளே எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருந்தது. சிப்பின் மேல் இரண்டு விரல்கடை உயரத்தில் தட்டையான தகடுகள், அவற்றை ஒட்டி நத்தை ஓடு மாதிரி ஒரு ப்ளோயர் ஃபேன். தகடுகளின் இடைவெளியில் ஏதோ ஒரு பன்னாட்டு அலுவலகத்தின் கம்பளத் தூசி சாம்பல் நிறப் பஞ்சாக அப்பியிருந்தது. பையன் பிரஷ்ஷால் தட்டினான். கூலரைக் கழற்றியபோது சிப்பின் மேலிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது.

மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர் சொச்சம். இவ்வளவு இடத்துக்குள் 65 வாட் சூட்டை நாள் முழுக்க வெளியே தள்ளுவது கடினம். லெனோவா, டெல், எச்பி என்று எல்லாரும் இந்த ஒரு லிட்டர் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் டி சீரிஸையே போடுவது அதனால்தான். சில மாடல்களில் 65 வாட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், வேறு கூலரும் பெரிய அடாப்டரும் வைத்து. ஏஎம்டியின் ஜிஇ வகைகளும் இதே வேலைக்குப் பிறந்தவை. ஆகவே டி எழுத்தைப் பார்த்தால் இது சிக்கனச் சிப் என்று படிக்காதீர்கள், இது சின்ன வீட்டுக்கு ஏற்ற சிப் என்று படியுங்கள்.

மிச்சம் எங்கே வருகிறது என்றால், அந்தச் சின்ன வீட்டில்தான் வருகிறது. அந்தப் பெட்டியை என் மீட்டரில் போட்டபோது சும்மா நிலையில் பத்து வாட் பக்கம் காட்டியது. என் கேபினட்டுக்கு இருபத்தைந்து. சிப்பின் புண்ணியம் அல்ல. கேபினட்டில் இருக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் அதன் திறனில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல், இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வீணடித்தபடி ஓடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் சிக்கனத்துக்குத் தரும் 80 பிளஸ் சான்று, உயர்ந்த டைட்டானியம் ரகம் தவிர, 20 சதவீதச் சுமைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பத்துப் பேர் குடும்பத்துக்கான அண்டாவில் ஒரு டம்ளர் காபி போடுகிற வேலை அது. லேப்டாப் மாதிரி 65 வாட் அடாப்டரில் ஓடும் சின்னப் பெட்டிக்கு அந்த இழப்பு குறைவு. போர்டிலும் கூடுதல் சாமான் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சிக்கனத்தில் பெரும்பங்கு அடாப்டரிலும் போர்டிலும் இருக்கிறது, பாராட்டு மட்டும் டி-க்குப் போகிறது.

பெரிய கேபினட் வாங்கப்போகிறவர் டி சிப்பைத் தேடி அலைவது அதனால்தான் எனக்குப் புரிவதில்லை. இன்டெல்லின் பட்டியல் விலையில் டி-யும் சாதாரணமும் பெரும்பாலும் ஒரே விலை. அதே காசுக்கு வேகம் குறைந்ததை ஏன் வாங்க வேண்டும்? சாதாரணத்தை வாங்குங்கள். சத்தமோ சூடோ தொந்தரவு செய்தால் பயாஸில் வரம்பை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். ஏஎம்டியில் ஈகோ மோட் என்று பெயரே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆணி உங்கள் கையில் இருக்கும், வேண்டாத நாளில் பிடுங்கிவிடலாம். கம்பெனி அடித்த ஆணியைப் பிடுங்க முடியாது. ஒரே எச்சரிக்கை, பெரிய கம்பெனிகளின் அலுவலகப் பெட்டிகளில் பயாஸ் இந்த வசதியை அநேகமாகக் காட்டாது. தனியாக வாங்கிய மதர்போர்டில்தான் பார்க்க முடியும்.

ஆணிக்கு இன்னொரு குணமும் உண்டு என்பதை 2024-இல் பார்த்தோம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவதாகப் புகார்கள் குவிந்தன. இன்டெல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. பாதிக்கப்படலாம் என்று அது குறிப்பிட்டது அடிப்படை 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் சிப்புகளை. சிம்மில் இருந்தவை அந்தப் பட்டியலில் இல்லை.

ஏசி இல்லாத கடை

சித்தப்பா விஷயத்தில் எனக்கு முடிவு சுலபமாக இல்லை. கோரல்டிரா போன்ற மென்பொருள் பெரும்பாலும் ஒரு கோரையே போட்டு வாட்டும். அங்கே 4.1-க்கும் 3.5-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கனமான கோப்பைத் திறக்க ஏழு விநாடி ஆகும் இடத்தில் எட்டு. நான் அந்த ஒரு விநாடியைப் பெரிதாக நினைக்கவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவராக இருந்தால் யோசிக்காமல் சாதாரணச் சிப்பையே எடுத்திருப்பேன்.

என்னை அரித்தது சூடுதான். சிப்பின் தாங்கும் எல்லை சுமார் 100 டிகிரி. அறை 25 டிகிரியில் இருந்தால் சூடு இறங்க 75 டிகிரி சரிவு இருக்கிறது. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே அறையே 40 என்றால் சரிவு 60-தான். அதே ஃபேன், அதே தகடு, வெளியேற்றும் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஏசி ஹாலில் சோதித்து எழுதும் விமர்சனங்களில் இந்தக் கணக்கு வராது. அதற்கு மேல் ஜெராக்ஸ் கடையின் காகிதத் தூசி. இதற்குச் சின்னப் பெட்டி நல்லதல்ல, கேபினட்தான் மூச்சு விடும் என்றது ஒரு மனது. யூபிஎஸ்ஸை நினை என்றது இன்னொரு மனது. அவருடைய 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி, கணக்குக்கு 84 வாட் மணி, வேகமாக உறிஞ்சினால் அதில் பாதிதான் கைக்கு வரும். வயதான பேட்டரி என்றால் அதுவும் இல்லை. பெட்டி எவ்வளவு குறைவாகக் குடிக்கிறதோ அவ்வளவு நேரம் பத்திரிகை திரையில் நிற்கும்.

யூபிஎஸ் ஜெயித்தது. டி போட்ட சின்னப் பெட்டியை வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து போன். “என்னடா வாங்கிக் கொடுத்திருக்க? மாட்டு வண்டி மாதிரி போவுது. பழசே தேவலாம்போல.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. டி-யாக இருந்தாலும் அவருடைய பழைய ஐ3-ஐவிட மட்டமாக எப்படி இருக்கும்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வேகம் எவ்வளவு என்று படிக்கச் சொன்னேன்.

“ஜீரோ பாயிண்ட் எட்டுன்னு போட்டிருக்கு.”

3.5 போக வேண்டியது 0.8-ஐத் தாண்டவே இல்லை. ஆன் செய்யும்போது ஏதாவது எழுத்து வருகிறதா என்று கேட்டேன்.

“என்னமோ இங்கிலீசுல ரெண்டு வரி வருது. எஃப்1 அமுக்குனா போயிருது.”

தினமும் அதை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு வரியில்தான் விஷயம் இருந்தது. கடையில் கொடுத்த அடாப்டர் டூப்ளிகேட். சில நிறுவனங்களின் பெட்டிகள், அடாப்டர் யாரென்று அடையாளம் கேட்கும். பதில் வராவிட்டால், இது எவ்வளவு மின்சாரம் தாங்குமோ தெரியாது என்று பயந்து பிராசஸரை அடிமட்ட வேகத்திலேயே பூட்டிவைத்துவிடும். வாலில் டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். ரிச்சி தெருவுக்கு மறுபடி போய், கொஞ்சம் தகராறு செய்து, அசல் 65 வாட் அடாப்டரை வாங்கி அனுப்பிய பிறகு வண்டிமாடு குதிரையானது. பழைய சின்னப் பெட்டி வாங்குகிறவர்கள் டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள்.

இப்போது கரண்டு போனால் பெட்டியும் மானிட்டரும் இருபத்தைந்து நிமிடம் நிற்கின்றன. பேட்டரி அதே பழைய பேட்டரிதான். சித்தப்பாவுக்கு அதில் பரம திருப்தி.

இரண்டு மாதம் கழித்துக் கரண்டு பில் வந்தது. அன்றைக்கு மறுபடி போன்.

“தம்பி, பில்லு அப்படியேதான்டா வந்திருக்கு.”

பழைய பெட்டிக்கும் இதற்கும் சராசரியாக 40 வாட் வித்தியாசம் என்றால், இரண்டு மாதத்துக்கு நூற்றெண்பது ரூபாய் பக்கம் குறைந்திருக்க வேண்டும். கோடையில் கூடுதலாக ஓடிய ஃபேனில் அது கரைந்திருக்கும் என்று சொன்னேன். பிறகு கேட்டேன்:

“ஜெராக்ஸ் மிஷின் எப்ப அணைப்பீங்க?”

“அத எதுக்கு அணைக்கிறது? காலைல போட்டா ராத்திரி கடைய மூடயிலதான். அணைச்சா சூடேறி வர நேரமாவும்ல.”

சூடேறுவதுதான் விஷயம் என்று விளக்கினேன். மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க உள்ளே ஒரு உருளை 200 டிகிரி பக்கம் காய்ந்துகொண்டே இருக்கும், அது சூடேறும் நேரத்தில் ஆயிரம் வாட் பக்கம்கூட இழுக்கும், ஒரு நகல் எடுக்காவிட்டாலும் ஆறவிடாமல் அடிக்கடி சூடுபடுத்திக்கொண்டே இருக்கும், அதற்கு முன்னால் நாம் ரிச்சி தெருவில் அலைந்து பிடித்த வாட்டெல்லாம் தூசு என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஏன்டா தம்பி, ஜெராக்ஸ் மிஷின்ல இந்த டி சீரிஸ் எல்லாம் கெடையாதா?”